கீழ்த்தாடைத் தீங்கற்ற கட்டி அறுவையில் நரம்பு காத்தல்: ஒரு விளக்க ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கீழ்த்தாடை எலும்பினுள் தோன்றும் தீங்கற்ற கட்டிகளை அகற்றும்போது, அவ்வெலும்பின் ஊடாகச் செல்லும் கீழ்ப்பற்குழி நரம்பு சிதைவுறும் வாய்ப்பு மிகுதி. இந்நரம்பு சிதைவுற்றால் கீழுதடும் மோவாயும் உணர்விழக்கின்றன. உயிருக்கு உடனடி ஊறு விளைவிக்காத நோய்க்காகச் செய்யப்படும் மருத்துவம், நோயாளியின் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் குறையை உண்டாக்கலாமா என்னும் வினா இங்கு எழுகிறது. நரம்பைக் காக்கும் நோக்கில் கட்டித் திசுவை விட்டுவைத்தால் கட்டி மீண்டும் தோன்றும் என்பது இதன் மறுபக்கம். இவ்விரு தேவைகளுக்கும் இடையே மருத்துவர் எடுக்கும் முடிவுகள் எவற்றைச் சார்ந்துள்ளன என்பதை, அமிலோபிளாஸ்டோமா என்னும் கட்டியை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: கீழ்த்தாடை, கீழ்ப்பற்குழி நரம்பு, மோவாய் நரம்பு, அமிலோபிளாஸ்டோமா, நரம்புச் சிதைவு, நரம்பு ஒட்டு, மீள்தோற்றம்.

1. முன்னுரை

பல்லை உருவாக்கும் திசுக்களிலிருந்து தாடையில் தோன்றும் கட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. அவை உடலின் பிற உறுப்புகளுக்குப் பரவுவதில்லை, ஆயினும் வளர்கின்றன, எலும்பை உப்பச் செய்கின்றன, பற்களை இடம்பெயர்க்கின்றன, சில தாடையையே முறிவுக்கு உள்ளாக்கும் அளவு எலும்பை அரிக்கின்றன. எனவே அறுவை தேவைப்படுகிறது. புற்றுநோய் அறுவையில் உயிரைக் காப்பதே முதல் நோக்கம் என்பதால், நரம்பின் இழப்பு பெரும்பாலும் தவிர்க்கவியலாத விலையாக ஏற்கப்படுகிறது. தீங்கற்ற கட்டியில் நிலைமை வேறு. நோயாளி பெரும்பாலும் இளையவர் அல்லது நடுவயதினர்; அறுவைக்குப் பின் பல பத்தாண்டுகள் வாழவிருப்பவர். அறுவையின் பயனோடு அதன் குறையையும் சுமந்தே அவர் அக்காலத்தைக் கழிக்க வேண்டும்.

கீழுதட்டின் உணர்விழப்பு வெளியே தெரியும் ஊனம் அன்று. ஆதலால் அது பிறரால் எளிதில் புறக்கணிக்கப்படுகிறது. ஆனால், சோறு உதட்டில் ஒட்டியிருப்பதை அறியாமை, நீர் வழிவதை உணராமை, உண்ணும்போது உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளல், சூடான பானத்தின் வெம்மையை அறியாது சுட்டுக்கொள்ளல், முகம் மழிக்கும்போது ஏற்படும் வெட்டை உணராமை என அன்றாடத்தின் பல நிலைகளில் அது தொல்லை தருகிறது. சிலருக்கு உணர்விழப்போடு எரிச்சலும் மின்னதிர்ச்சி போன்ற வலியும் சேர்கின்றன. இவ்வகை வலி, உணர்வற்ற நிலையைவிடக் கொடியது.

இத்துறைக்குரிய தமிழ்ச் சொற்கள் குறித்து ஒரு குறிப்பு இவ்விடத்தில் தேவையாகிறது. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஷ் கிரீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கியும் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தியும் ஒரு வழியைத் தொடங்கிவைத்தார். எனினும் வாய், முக அறுவை போன்ற பிற்காலச் சிறப்புத் துறைகளுக்குரிய சொற்கள் தமிழில் இன்னும் நிலைபெறவில்லை. இக்கட்டுரையில் உறுப்புப் பெயர்கள் தமிழாக்கப்பட்டுள்ளன. கட்டிகளின் பெயர்கள் மருத்துவ வழக்கில் உள்ளவாறே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.

2. நரம்புகளின் அமைவிடம்

முகத்தின் தொடு உணர்வை மூளைக்குக் கொண்டு செல்வது ஐந்தாம் கபால நரம்பாகிய முக்கிளை நரம்பு. அதன் மூன்றாம் கிளை கீழ்த்தாடைக்கு உரியது. இக்கிளையிலிருந்து பிரியும் கீழ்ப்பற்குழி நரம்பு, தாடையின் ஏறுகிளையின் உட்புறத்திலுள்ள துளை வழியாக எலும்பினுள் நுழைகிறது. அங்கிருந்து தாடைக் கால்வாய் எனப்படும் குறுகிய எலும்புக் குழாயினுள், இரத்த நாளங்களோடு சேர்ந்து, கடைவாய்ப்பற்களின் வேர்களுக்குக் கீழாக முன்னோக்கிச் செல்கிறது. முன்கடைவாய்ப்பற்களின் பகுதியில் அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை எலும்பினுள்ளேயே தொடர்ந்து சென்று முன்பற்களுக்கு உணர்வளிக்கிறது. மற்றொன்றாகிய மோவாய் நரம்பு, மோவாய்த் துளை வழியே வெளிவந்து கீழுதடு, மோவாய்த் தோல், முன்பக்க ஈறு ஆகியவற்றில் பரவுகிறது.

இவ்வமைப்பில் அறுவை மருத்துவர் கருத்தில் கொள்ளவேண்டிய செய்திகள் மூன்று உள்ளன. முதலாவது, இந்நரம்பு எலும்பினுள் அடைபட்டுச் செல்வதால் எலும்பை வெட்டும் எச்செயலும் நரம்பைத் தொடக்கூடும். இரண்டாவது, சிலரிடம் மோவாய் நரம்பு துளைக்கு முன்பாகச் சற்றுத் தூரம் சென்று பின்னோக்கி வளைந்து வெளிவருகிறது. இவ்வளைவைக் கருதாமல் துளைக்குச் சற்று முன்னே எலும்பை வெட்டினால், துளை காக்கப்பட்டிருந்தும் நரம்பு அறுபடும். மூன்றாவது, சிலரிடம் தாடைக் கால்வாய் இரண்டாகப் பிரிந்து செல்கிறது.

கீழ்ப்பற்குழி நரம்பே அன்றி வேறு இரு நரம்புகளும் இவ்வறுவையில் இடருக்கு உள்ளாகின்றன. நாக்கு நரம்பு, தாடையின் உட்புறச் சுவரை ஒட்டி, மூன்றாம் கடைவாய்ப்பல்லின் அருகே மெல்லிய சவ்வுக்குக் கீழாகவே செல்கிறது. நாவின் முன் மூன்றில் இரு பங்குக்குத் தொடு உணர்வை இது தருகிறது; முக நரம்பிலிருந்து வந்து சேரும் சுவை இழைகளையும் சுமக்கிறது. முக நரம்பின் தாடையோரக் கிளை உணர்வு நரம்பன்று, இயக்க நரம்பு. கீழுதட்டைக் கீழிழுக்கும் தசைகளை இயக்குவது அது. அது சிதைந்தால் சிரிக்கும்போது உதடு ஒருபுறம் கோணும்.

3. நரம்புச் சிதைவின் படிநிலைகள்

நரம்பு காக்கப்பட்டது என்று கூறுவதற்குமுன், நரம்பு எவ்வாறெல்லாம் சிதையும் என்பதை அறிதல் வேண்டும். 1943-இல் ஹெர்பர்ட் செடன் நரம்புச் சிதைவை மூவகைப்படுத்தினார். முதல்வகையில் நரம்பிழை அறுபடாமல், தூண்டல் கடத்தல் மட்டும் தற்காலிகமாகத் தடைப்படும். சில நாள்களிலோ சில வாரங்களிலோ உணர்வு முழுமையாகத் திரும்பும். இரண்டாம் வகையில் உள்ளிழைகள் அறுபடும். ஆனால் அவற்றைச் சூழ்ந்த உறைகள் நிலைத்திருக்கும். அவ்வுறைகள் வழிகாட்ட, இழைகள் மீண்டும் வளரும். மூன்றாம் வகையில் நரம்பு முழுமையாகத் துண்டிக்கப்படும். தைத்து இணைத்தாலன்றிப் பயனுள்ள மீட்சியை எதிர்பார்க்க இயலாது. 1951-இல் சிட்னி சண்டர்லேண்ட் இப்பகுப்பை விரித்து, எந்த உறை எந்த அளவு சிதைந்தது என்பதன் அடிப்படையில் ஐந்து படிகளாக்கினார்.

இப்பகுப்பின் நடைமுறைப் பயன் பெரிது. அறுவையின்போது கண்ணுக்கு முழுமையாகத் தோன்றும் நரம்பும் உள்ளே இரண்டாம், மூன்றாம் படிச் சிதைவைக் கொண்டிருக்கலாம். நரம்பை இழுப்பது இதற்கு ஒரு முதன்மைக் காரணம். லண்ட்போர்க், ரைடெவிக் ஆகியோர் 1973-இல் முயலின் கால் நரம்பைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு, நரம்பை அதன் நீளத்தில் 8 விழுக்காடு நீட்டியபோதே சிறுநாளங்களில் இரத்த ஓட்டம் தடைப்படத் தொடங்கியதையும், 15 விழுக்காட்டில் அது முற்றிலும் நின்றதையும் காட்டியது. இவ்வளவைத் தாடைக்குப் பொருத்திப் பார்த்தால், 50 மி.மீ. நீளத்தில் விடுவிக்கப்பட்ட நரம்பு 4 மி.மீ. நீட்டப்பட்டாலே இடருக்கு உள்ளாகும் எனக் கணிக்கலாம். உதவியாளர் கொக்கியால் நரம்பை ஒதுக்கிப் பிடிக்கும் சாதாரணச் செயலே இந்த அளவைக் கடந்துவிடக்கூடும்.

மீள்வளர்ச்சியின் விரைவும் அறியத்தக்கது. நரம்பிழை நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும் என்பது பொதுக் கணக்கு. தாடைத் துளையருகே சிதைந்த நரம்பின் இழைகள் கால்வாயைக் கடந்து உதட்டை அடைய ஏறத்தாழ 90 முதல் 100 மி.மீ. வளர வேண்டும் எனக் கொண்டால், தடையின்றி வளர்ந்தாலும் மூன்று மாதங்களுக்கு மேலாகும். சிதைவிடத்தைக் கடப்பதில் ஏற்படும் தாமதத்தையும் சேர்த்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருக்க நேர்கிறது. அறுவை முடிந்த முதல் வாரத்தில் உதடு மரத்திருப்பது கொண்டு நரம்பு அறுபட்டதென முடிவு செய்யவியலாது என்பது இதனால் பெறப்படும்.

4. கட்டியின் இயல்பும் நரம்புடனான உறவும்

நரம்பைக் காக்கலாமா என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. கட்டியின் இயல்பே விடையைத் தீர்மானிக்கிறது.

ஒடோன்டோமா, ஆசிஃபையிங் ஃபைப்ரோமா போன்றவை சுற்றியுள்ள எலும்பிலிருந்து தெளிவாகப் பிரிந்து நிற்பவை. இவை பெரும்பாலும் நரம்பைத் தள்ளுகின்றனவேயன்றி ஊடுருவுவதில்லை. கட்டியைத் தோண்டியெடுக்கும்போது நரம்பைத் தனியே பிரித்தெடுக்க இயலும். இங்கு நரம்பைக் காப்பது இயல்பான எதிர்பார்ப்பு.

நரம்பிலிருந்தே தோன்றும் கட்டிகள் தனிவகையின. நரம்புறைச் செல்களிலிருந்து தோன்றும் ஷ்வான்னோமா உறைக்குள் அடங்கியது. நரம்பிழைகள் கட்டியின் மேற்புறத்தில் விரிந்து கிடக்கின்றன. உறையைக் கீறி, இழைகளை ஒதுக்கி, கட்டியை மட்டும் உருவியெடுக்கலாம். நியூரோஃபைப்ரோமாவிலோ நரம்பிழைகள் கட்டியின் ஊடாகவே செல்கின்றன. அதனை முழுமையாக அகற்றினால் நரம்பின் அப்பகுதியும் உடன்செல்லும். வெளித்தோற்றத்தில் ஒத்த இரு கட்டிகளுள் ஒன்றில் நரம்பைக் காக்க இயல்வதும் மற்றொன்றில் இயலாததும் திசு அமைப்பின் வேறுபாட்டால் விளைவன. அறுவைக்கு முந்தைய திசு ஆய்வு இன்றியமையாதது என்பதற்கு இதுவே போதிய சான்று.

அமிலோபிளாஸ்டோமாவே விவாதத்திற்கு மிகுதியும் இடமளிப்பது. பற்சிப்பியை உருவாக்கும் திசுவை ஒத்த செல்களைக் கொண்ட இக்கட்டி, பெரும்பாலும் கீழ்த்தாடையின் கடைவாய்ப்பல் பகுதியிலும் ஏறுகிளையிலும், அதாவது நரம்பின் பாதையிலேயே தோன்றுகிறது. உலக நலவாழ்வு அமைப்பின் 2017-ஆம் ஆண்டு வகைப்பாடு இதனை வழக்கமான வகை, ஒற்றைப்பை வகை, எலும்புக்கு வெளியே தோன்றும் வகை எனப் பிரித்தது. வழக்கமான வகை, எலும்பின் நுண்ணிடைவெளிகளினூடே ஊடுகதிர்ப் படத்தில் தெரியும் எல்லையைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் வரை பரவியிருக்கிறது. எனவே சுரண்டியெடுக்கும் முறையில் எஞ்சிய செல்களிலிருந்து அது மீண்டும் வளர்கிறது. பத்தாண்டுகளுக்குப் பின்னரும் மீள்தோற்றம் காணப்பட்டுள்ளது. ஆதலால் படத்தில் தெரியும் எல்லைக்கு அப்பால் 1 முதல் 2 செ.மீ. வரை நலமான எலும்பையும் சேர்த்து வெட்டியகற்றுவது வழக்கமான வகைக்குரிய பொது நெறியாக உள்ளது.

இந்நெறியைப் பின்பற்றினால் நரம்பு செல்லும் எலும்புப் பகுதி முழுவதும் அகற்றப்படும். நரம்பையும் உடன் அகற்றுவதே நீண்டகாலம் வழக்கமாக இருந்தது. நரம்பைக் காக்கலாம் என்போர் தரும் காரணம் இது: கட்டி எலும்பின் இடைவெளிகளில் பரவுகிறது, நரம்பின் உறைக்குள் புகுந்து வளர்வது இதன் இயல்பன்று. ஆகவே எலும்பை எல்லையோடு அகற்றி, நரம்பை மட்டும் எலும்பிலிருந்து விடுவித்தால், கட்டி அகற்றலின் முழுமை குன்றாது. மறுப்போர் கூறுவது: கால்வாயின் எலும்புச் சுவரைக் கட்டி அரித்து நரம்போடு ஒட்டியிருக்குமானால், நரம்பின் மேற்பரப்பில் கட்டிச் செல்கள் எஞ்சும். இரு கருத்துகளும் ஒரே உண்மையின் இரு நிலைகளைக் குறிப்பன. கால்வாய்ச் சுவர் முழுமையாக உள்ளதா, அரிக்கப்பட்டுள்ளதா என்பதே பிரிகோடு.

5. அறுவைக்கு முந்தைய மதிப்பீடு

அகலப்பரப்பு ஊடுகதிர்ப் படம் தாடை முழுவதையும் ஒரே தளத்தில் காட்டும். கட்டியின் பரப்பையும் கால்வாய் கீழ்நோக்கித் தள்ளப்பட்டுள்ளதா என்பதையும் அதில் காணலாம். ஆனால் கால்வாய் கட்டியின் நாக்குப் பக்கத்தில் உள்ளதா, கன்னப் பக்கத்தில் உள்ளதா என்பதை அது காட்டாது. அதனை அறியக் கூம்புக்கற்றை சி.டி. அல்லது பொதுவான சி.டி. படம் வேண்டும். கால்வாய்ச் சுவரின் வெண்கோடு எங்கே தொடர்ந்துள்ளது, எங்கே அறுந்துள்ளது என்பதைக் குறுக்குவெட்டுப் படங்களில் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். கட்டியின் மென்திசுப் பரவலையும் நரம்பையும் காட்ட எம்.ஆர்.ஐ. உதவுகிறது.

படங்களுக்கு நிகரான தேவையுடையது, அறுவைக்குமுன் உதட்டின் உணர்வைச் சோதித்துப் பதிவுசெய்தல். மெல்லிய இழையின் தொடுகை, ஊசிமுனையின் குத்தல், வெப்பமும் குளிர்ச்சியும், இரு முனைகளைத் தனித்தனியே உணரும் மிகக்குறைந்த இடைவெளி ஆகியவை இருபுறமும் ஒப்பிட்டு அளக்கப்படும். தீங்கற்ற கட்டி மிகப் பெரிதாக வளர்ந்த பின்னரும் உதட்டின் உணர்வு பெரும்பாலும் குன்றாதிருக்கும். ஏனெனில், மெல்ல வளரும் அழுத்தத்திற்கு நரம்பு தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. வீக்கத்தோடு உதடு விரைந்து மரத்துப்போவது கண்டால் புற்றுநோயையோ நோய்த்தொற்றையோ ஐயுற வேண்டும். ஆகவே இச்சோதனை நோயறிதலுக்கும் துணைபுரிகிறது.

6. நரம்பு காக்கும் அறுவை முறைகள்

*6.1 கட்டியைச் சுருங்கச் செய்தல்:* நீர்க்கட்டியில் ஒரு திறப்பை ஏற்படுத்தி உள்ளழுத்தத்தைக் குறைக்கும் முறையை 1892-இல் கார்ல் பார்ட்ஷ் விளக்கினார். பை போன்ற அமைப்புடைய புண்களுக்கும், தேர்ந்தெடுத்த ஒற்றைப்பை அமிலோபிளாஸ்டோமாக்களுக்கும் இம்முறை பயன்படுத்தப்படுகிறது. அழுத்தம் தணிந்ததும் பையின் விளிம்பில் புதிய எலும்பு உருவாகிறது, பை சுருங்குகிறது, நரம்புக்கும் பைக்கும் இடையே எலும்பு மீண்டும் தோன்றுகிறது. சில மாதங்களுக்குப் பின் எஞ்சியதைத் தோண்டியெடுக்கும்போது நரம்பு எட்டவே இருக்கிறது. குழியை நாள்தோறும் கழுவவும் தவறாது வந்து காட்டவும் நோயாளி ஒத்துழைக்க வேண்டும் என்பது இதன் வரையறை.

*6.2 தோண்டியெடுத்தலும் எலும்புச் சுவர் மருத்துவமும்:* கட்டியைத் தோண்டியெடுத்தபின் குழியின் சுவரில் எஞ்சிய செல்களை அழிக்கக் கார்னாய்க் கரைசல் பூசுவது உண்டு. ஆல்கஹால், குளோரோஃபார்ம், அசெட்டிக் அமிலம், ஃபெரிக் குளோரைடு ஆகியவற்றின் கலவை இது. குளோரோஃபார்ம் நீக்கப்பட்ட மாற்றுக் கலவையும் வழக்கில் உள்ளது. இக்கரைசல் நரம்பில் நேரடியாகப் படுமாயின், படும் நேரம் கூடக்கூட நரம்பு சிதைகிறது. ஆகவே வெளிப்பட்ட நரம்பை மூடிக் காத்து, சில நிமிடங்களே பூசுவர். நீர்ம நைட்ரஜனால் உறையச் செய்வது மற்றொரு வழி. இதில் நரம்பின் செயல் தற்காலிகமாக இழக்கப்பட்டாலும் இழைகளைச் சூழ்ந்த குழாய்கள் நிலைத்திருப்பதால் மீள்வளர்ச்சிக்கு வாய்ப்புள்ளது.

*6.3 விளிம்பு வெட்டு:* தாடையின் கீழ்விளிம்பில் 1 செ.மீ. அளவேனும் நலமான எலும்பு எஞ்சுமாயின், தாடையின் தொடர்ச்சியை அறுக்காமல் மேற்பகுதியை மட்டும் வெட்டியகற்றலாம். கால்வாய் எஞ்சும் பகுதிக்குள் அமைந்தால் நரம்பு தொடப்படாமலே காக்கப்படும்.

*6.4 நரம்பைப் பக்கவாட்டில் விடுவித்தல்:* தாடையின் முழுத்துண்டையும் அகற்றவேண்டிய நிலையில் இம்முறை கையாளப்படுகிறது. முதலில் மோவாய்த் துளையைச் சுற்றியுள்ள எலும்பு நீக்கப்பட்டு மோவாய் நரம்பு விடுவிக்கப்படும். பின்னர்க் கால்வாயின் வெளிச்சுவர் எலும்பு, துளையிலிருந்து பின்னோக்கி, கட்டியின் பின்னெல்லையைக் கடந்த இடம் வரை சிறு சிறு தகடுகளாக எடுக்கப்படும். எலும்பினுள் முன்னோக்கிச் செல்லும் கிளையை வெட்டினால்தான் நரம்பு முழுமையாக வெளியே வரும். முன்பற்களின் உணர்வு இதனால் இழக்கப்படுமாயினும் உதட்டின் உணர்வுக்கு அது கொடுக்கப்படும் சிறு விலையே. விடுவிக்கப்பட்ட நரம்பை மென்மையான நாடாவால் இழுவிசையின்றித் தாங்கிக்கொண்டு, அதன்பின் எலும்புத் துண்டு வெட்டியகற்றப்படும். வெளிச்சுவரை எடுக்கும் இடத்தில் கட்டி இல்லாதிருத்தல் இம்முறையின் முன்நிபந்தனை. கட்டியின் ஊடாக வெட்டி நரம்பை அடைவது, கட்டிச் செல்களைச் சுற்றிலும் சிதறச் செய்யும்.

*6.5 நரம்பை உருவியெடுத்தல்:* கால்வாய்ச் சுவர் முழுமையாக இருந்து, வெளிச்சுவரைத் திறக்க வழியில்லாதபோது, மோவாய்த் துளையருகே நரம்பை வெட்டி, எலும்புத் துண்டினின்று பின்னோக்கி உருவியெடுத்து, துண்டு அகற்றப்பட்டபின் வெட்டிய முனைகளை மீண்டும் தைத்து இணைக்கலாம். இங்கு நரம்பு ஒருமுறை அறுபடுகிறது என்பது உண்மையே. ஆயினும் வெட்டிய இடம் உதட்டுக்கு அருகில் அமைவதால் இழைகள் வளரவேண்டிய தொலைவு குறைவு. ஒட்டு நரம்பும் தேவைப்படுவதில்லை.

*6.6 கருவிகள்:* எலும்பை வெட்டும் சுழல்கருவி நரம்பைத் தொட்டால் உடனே கிழிக்கும். 1990-களின் இறுதியில் இத்தாலியின் தொமாசோ வெர்செலொட்டி வளர்த்தெடுத்த மீயொலி எலும்பு வெட்டுக் கருவி சுமார் 25 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் இயங்குகிறது. இவ்வதிர்வு கனிமத் திசுவை வெட்டும். மென்திசுவை எளிதில் வெட்டாது. எனினும் அழுத்திப் பிடித்தால் வெப்பம் மிகும். வெப்பமும் நரம்பைச் சிதைக்கும். ஆகவே குளிர்நீர்ப் பாய்ச்சலும் மெல்லிய கையழுத்தமும் தேவை. கருவி பாதுகாப்பானது என்னும் எண்ணம் கவனத்தைத் தளர்த்துமாயின் அதன் பயன் கெடும்.

7. அண்டை நரம்புகளைக் காத்தல்

கழுத்துப் பக்கத்திலிருந்து தாடையை அணுகும்போது முக நரம்பின் தாடையோரக் கிளை இடருக்கு உள்ளாகிறது. 1962-இல் டிங்மேன், கிராப் ஆகியோர் 100 முகப்பாதிகளை அறுத்தாய்ந்தனர். முகத் தமனிக்குப் பின்புறம் 81 விழுக்காட்டில் இக்கிளை தாடையின் கீழ்விளிம்புக்கு மேலாகவும், 19 விழுக்காட்டில் விளிம்புக்குக் கீழே 1 செ.மீ.க்குள்ளும் சென்றது. தோல் கீறல் தாடை விளிம்புக்குச் சுமார் 2 செ.மீ. கீழே இடப்படுவதற்கு இவ்வளவையே அடிப்படை. வாயினுள்ளிருந்தே அணுகினால் இக்கிளையின் இடர் குறையும். ஆனால் பார்வைப்பரப்பு குறுகுவதால் மோவாய் நரம்பு இழுபடும் வாய்ப்பு கூடும்.

நாக்கு நரம்பைப் பொறுத்தவரை, 1984-இல் கீசல்பாக், சேம்பர்லின் ஆகியோர் ஆய்ந்த உடல்களுள் 17.6 விழுக்காட்டில் அது மூன்றாம் கடைவாய்ப்பல் பகுதியின் பற்குழி விளிம்பளவிலோ அதற்கு மேலோ அமைந்திருந்தது. ஆகவே கடைவாய்ப் பகுதியின் உட்புறக் கீறல் எலும்பின் மேலன்றி மென்திசுவில் செல்லுதல் கூடாது. எலும்புறையோடு சேர்த்தே சவ்வை உயர்த்த வேண்டும்.

8. நரம்பைத் துண்டிக்க நேரும்போது

கட்டி நரம்பைச் சூழ்ந்து, கால்வாய்ச் சுவர் முழுவதும் அரிக்கப்பட்டிருந்தால் நரம்பையும் அகற்றுவதே முறை. மீண்டும் தோன்றும் கட்டிக்கான இரண்டாம் அறுவை முதலதைவிடப் பெரிதாகவும், நரம்பைக் காக்கும் வாய்ப்பு குறைந்ததாகவும் இருக்கும் என்பது இங்கு எண்ணத்தக்கது. ஆயினும் துண்டித்தலோடு கடமை முடிவதில்லை. அதே அறுவையில் இடைவெளியை ஒட்டு நரம்பால் இணைக்கலாம். கெண்டைக்காலின் பின்புற உணர்வு நரம்பும், காதருகே செல்லும் பெருஞ்செவி நரம்பும் இதற்கெனப் பயன்படுகின்றன. கீழ்ப்பற்குழி நரம்பின் தடிமனுக்கும் தேவைப்படும் நீளத்திற்கும் கால் நரம்பே நெருங்கிப் பொருந்துகிறது. ஒட்டு எடுத்த இடத்தில், முறையே பாதத்தின் வெளிப்புறமோ காதுமடலின் கீழ்ப்பகுதியோ உணர்விழக்கும். ஒரு குறையை நீக்க மற்றொரு சிறு குறையை ஏற்பதா என்பதை நோயாளியே தெரிவுசெய்ய வேண்டும். செல்கள் நீக்கிப் பதப்படுத்தப்பட்ட கொடை நரம்பு, இரண்டாம் காயத்தைத் தவிர்க்கும் வழியாக அண்மைக் காலத்தில் வந்துள்ளது. அதன் விலை பலருக்கு எட்டாதது.

தையல் நுண்ணோக்கியின் கீழ், மயிரிழையினும் மெல்லிய நூலால், நரம்பின் புறவுறையில் இடப்படும். முனைகள் இழுவிசையின்றிப் பொருந்துதலே வெற்றியின் முதல் நிபந்தனை. தாடையை இணைக்கும் டைட்டானியத் தகடும் திருகுகளும் நரம்பைத் தொடாதவாறு மென்திசுவினூடே அதன் பாதையை அமைக்க வேண்டும்.

9. அறுவைக்குப் பிந்தைய கண்காணிப்பு

அறுவைக்குமுன் அளந்த அதே முறைகளால், அதே இடங்களில், குறித்த இடைவெளிகளில் உணர்வை அளத்தல் வேண்டும். நரம்பு தொடர்ச்சியாக இருப்பதை மருத்துவர் கண்ணாற் கண்டிருந்தால் காத்திருத்தல் தகும். அவ்வாறு காணாத நிலையில், மூன்று மாதங்கள் கடந்தும் உணர்வின் எவ்வித அறிகுறியும் இல்லையெனில், நுண்ணறுவை வல்லுநரிடம் அனுப்புவதைத் தள்ளிப்போடலாகாது. காலம் செல்லச் செல்ல இணைப்பின் பயன் குறைகிறது. உணர்வு திரும்பத் தொடங்கும்போது ஊறலும் குறுகுறுப்பும் தோன்றும். இவை மீட்சியின் அடையாளம் என்பதை முன்னரே கூறாவிட்டால் நோயாளி அஞ்சுவார். கண்ணாடி முன் அமர்ந்து மென்தூரிகையால் உதட்டைத் தொட்டுத் தொட்டு, அத்தொடுகையைப் பார்த்தறியும் பயிற்சி, மாறுபட்ட தூண்டல்களை மூளை மீண்டும் பொருள்கொள்ள உதவுகிறது.

10. காத்தலின் எல்லைகள்

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு கருத்து தெளிவாகிறது. நரம்பின் உடலமைப்பைக் காத்தல் வேறு. அதன் செயலைக் காத்தல் வேறு. வெட்டப்படாமல், ஆனால் வலிந்து இழுக்கப்பட்டு இரத்த ஓட்டம் இழந்த நரம்பு, நேர்த்தியாக வெட்டி உடனே தைக்கப்பட்ட நரம்பினும் குறைவான பயன் தரக்கூடும். 'நரம்பு காக்கப்பட்டது' என்னும் அறுவைக் குறிப்பு, உணர்வு அளவீட்டால் உறுதிப்படுத்தப்படும் வரை ஒரு எதிர்பார்ப்பு மட்டுமே.

அதுபோலவே, நரம்பு காத்தலின் வெற்றியை உதட்டின் உணர்வு கொண்டு மட்டும் அளத்தலும் குறையுடையது. அமிலோபிளாஸ்டோமா மீண்டும் தோன்றப் பல ஆண்டுகள் ஆகலாம். ஓராண்டுக் கண்காணிப்பில் உணர்வும் திரும்பி, கட்டியும் காணப்படாத நோயாளி, பத்தாம் ஆண்டில் மீள்தோற்றத்தோடு வரக்கூடும். எனவே ஒரு முறையின் மதிப்பை நீண்டகாலக் கண்காணிப்பே காட்டும்.

மருந்தியல் புதியதொரு வழியைத் திறந்துள்ளது. கீழ்த்தாடை அமிலோபிளாஸ்டோமாக்களுள் பலவற்றில் பிராஃப் என்னும் மரபணுவில் குறிப்பிட்டதொரு மாற்றம் உள்ளமை 2014-இல் கண்டறியப்பட்டது. அம்மாற்றத்தை இலக்காகக் கொண்ட மருந்துகளை அறுவைக்குமுன் கொடுத்துக் கட்டியைச் சுருங்கச் செய்த நோயாளர் பதிவுகள் வெளிவந்துள்ளன. கட்டி சுருங்கி எலும்பு மீளுமாயின், முழுத்துண்டு அகற்றல் தேவைப்படாமல் நரம்பு தன் இடத்திலேயே நிலைக்கும். இம்மருந்துகளின் பக்கவிளைவும் விலையும், மருந்தை நிறுத்திய பின் கட்டியின் போக்கும் இனி ஆராயப்படவேண்டியவை.

11. முடிவுரை

தீங்கற்ற தாடைக் கட்டி அறுவையில் நரம்பு காத்தல் என்பது அறுவைக் கூடத்தில் தொடங்குவதன்று. திசு ஆய்வில் கட்டியின் இயல்பை அறிதல், குறுக்குவெட்டுப் படங்களில் கால்வாய்ச் சுவரை நுணுகிக் காணல், உணர்வை அளந்து பதிதல் ஆகியவற்றிலேயே அது தொடங்குகிறது. தெளிந்த எல்லையுடைய கட்டிகளில் நரம்பைக் காப்பது பொதுநெறி. ஊடுருவிப் பரவும் கட்டிகளில், கால்வாய்ச் சுவர் முழுமையாக இருந்தால் எலும்பை எல்லையோடு அகற்றி நரம்பை விடுவிக்கலாம். சுவர் அரிக்கப்பட்டிருந்தால் நரம்பை அகற்றி உடனே ஒட்டு வைக்கலாம். எவ்வழியாயினும் நரம்பு இழுபடாமை, வெப்பத்தால் சிதையாமை, மருந்துக் கரைசலால் தீண்டப்படாமை ஆகிய மூன்றும் பேணப்பட வேண்டும்.

இறுதியாக, உதட்டின் உணர்வுக்கும் மீள்தோற்றத்தின் இடருக்கும் இடையே எதற்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பது மருத்துவர் மட்டும் முடிவு செய்யும் செய்தியன்று. குழலிசைக் கலைஞர், ஆசிரியர், பாடகர், உழவர் என அவரவர் வாழ்வில் உதட்டின் உணர்வுக்குரிய இடம் வேறுபடும். மீண்டுமொரு பேரறுவையைத் தாங்கும் உடல்வலிமையும் பொருள்வலிமையும் வேறுபடும். இரு இடர்களையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் அறுவைக்குமுன் எடுத்துரைத்து, அவருடைய தெரிவையும் முடிவின் ஒரு பகுதியாக்குதல் வேண்டும். இத்துறைச் செய்திகளைத் தமிழில் தெளிவாகச் சொல்லும் முயற்சி, மொழிவளர்ச்சிக்கும் அவ்வுரையாடலுக்கும் ஒருங்கே துணைபுரியும்.